பன்னிரண்டாவது கூறு

விவசாயியை வாழவைப்பது என்று எங்கள் குடியிருப்பில் முடிவு செய்த அன்று, மிளகாய் பஜ்ஜி மட்டும் நான்கு தட்டு தீர்ந்தது. விவசாயி யாரும் வந்திருக்கவில்லை. அவரைப் பற்றிப் பேசுவதற்கு அவர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பதினோரு வீடுகள் கொண்ட கட்டடம் எங்களுடையது. ஏழாம் நெம்பர் வீட்டை என் மகன் வாங்கிப் போட்டுவிட்டுப் பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறான். நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தவன். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு, அந்த வீட்டுக்குச் சம்பளமில்லாத காவல்காரனாக இங்கே வந்தேன். பட்டறையில் தகரம் அடிக்கிற சத்தத்தில் பாதிப் பேருக்குக் காது மந்தமாகிவிடும். எனக்கு என்னவோ கூர்மையாகிவிட்டது. சுத்தியல் விழுகிற சத்தத்தை வைத்தே எந்த ஆணி பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். இந்தக் காதைப் பற்றிப் பெருமையடிப்பதாக நினைக்க வேண்டாம். கதைக்கு அது வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவர் மூணாம் நெம்பர். வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். காரில் கொல்லிமலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்திருக்கிறார். அந்தத் தோட்டக்காரர் காய்கறி போடுகிறவர். சேலத்துக் கடையில் விற்கிற விலையில் பாதிகூடத் தனக்கு வருவதில்லை என்று அவர் சொல்ல, அதை இவர் ஏதோ புதிய கண்டத்தைக் கண்டுபிடித்துவிட்ட தோரணையில் வந்து எங்களிடம் சொன்னார். "நேரடியா வாங்கினா அவருக்கும் லாபம், நமக்கும் லாபம். கூட்டா வாங்கணும் சார், கூட்டா" என்றார். அவர் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு கார். கூட்டாக ஒரு காரில் போனதை நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் தோட்டக்காரரும் அவர் மனைவியும் நேரில் வந்தார்கள். அந்த அம்மாதான் பேசினார்.

"பன்னெண்டு பையி இருந்தாத்தானுங்க வண்டி டீசலுக்குக் கட்டும். அந்தந்த வாரம் என்ன காய்க்குதோ அத எல்லாத்துலயும் கலந்து ஒரு பையி. எல்லா ஊட்டுக்கும் ஒரே வெலை. பன்னெண்டுக்குக் கொறஞ்சா எங்களால முடியாதுங்க."

நாங்கள் பதினோரு வீடு. இன்னொரு பையை யாராவது ஒருவர் கூடுதலாக எடுத்துக்கொண்டால் முடிந்தது. ஒருவரும் முன்வரவில்லை. "ரெண்டு பேருக்கு எவ்வளவு காய் சார் ஆகும்" என்று ஒருவர் தரையைப் பார்த்தார். ஒன்பதாம் நெம்பரில் இருக்கிற தோல் டாக்டரம்மா, தன் வீட்டில் எல்லாரும் சாலட் மட்டும்தான் சாப்பிடுகிறோம் என்றார். சாலட்டை எதில் செய்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பன்னிரண்டாவது ஆளைக் கட்டடத்துக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். பின்தெருவில் ஓடு போட்ட லைன் வீடுகள் உண்டு. அங்கே ஒரு பெண் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்துப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் அவள் கையில்தான். புருஷன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குப் போய் வடக்கே எங்கோ இருந்தான், பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வந்தால் உண்டு. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் குழந்தைகள். மூணாம் நெம்பர் அம்மா அவளைக் கூப்பிட்டு, "உனக்கு ஒரு உதவியா இருக்குமேன்னு உன்னையும் சேத்துக்கறோம்" என்றார். ஆள் கிடைக்காமல் அலைந்ததை உதவியாக மாற்றுவதற்கு ஒரு திறமை வேண்டும். அதற்கப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஒரு ஏழைக் குடும்பத்தையும் சேர்த்திருக்கோம்" என்று சொல்வதை நானே பலமுறை கேட்டேன். வாய் சர்க்கரை, கை கொக்கரை.

அவள் மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் ஒழுங்கான ஒரு காரணம் சொன்னாள்.

"கடையில காக்கிலோ வாங்கி மூணு நாளைக்கு இழுக்கறமுங்க. கொழம்புல காய் எங்கன்னு புள்ளைங்க கரண்டியப் போட்டுத் தேடுதுங்க. இந்த வெலைக்கு ஒரு பையி நெறையாக் கெடைச்சா, வாரம் பூராத் தட்டுல காய் இருக்குமுங்க."

மற்ற பதினோரு வீட்டுக்கும் இது ஒரு பொழுதுபோக்கு. அவளுக்கு மட்டும்தான் இது சாப்பாடு. நான் உட்பட எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கும் ஒற்றை ஆளுக்கு ஒரு பை எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு முகத்தைப் பார்க்கலாம் என்றுதான் சேர்ந்தேன்.

முதல் ஞாயிறு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வந்து நின்றது. கார் நிறுத்துகிற இடத்தில் தார்ப்பாய் விரித்துக் காய்களைக் கொட்டினார்கள். பன்னிரண்டு பையாகக் கட்டுவதற்குள் எங்கள் ஆட்கள் குவியலுக்குள் இறங்கிவிட்டார்கள். சுரைக்காயை நகத்தால் கீறிப் பார்க்கிறார்கள். கத்திரிக்காயை அமுக்குகிறார்கள். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்து, டக்கென்று ஒடிந்தால் தன் பக்கம், வளைந்தால் எதிர்ப்பக்கம். கடைசியில் தார்ப்பாய் முழுக்க வெண்டை நுனி கிடந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு வெண்டைக்காயை முழுசாக விடமாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தையற்காரப் பெண் தன் கட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு மிஞ்சியது அந்த எதிர்ப்பக்கம்.

அடுத்த வாரம் தோட்டக்காரரின் மனைவி ஒரு வழி சொன்னார். எங்கள் பக்கத்தில் நோம்பி, திருவிழாவுக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு கிடாயை வெட்டினால் கறியைப் பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எத்தனை குடும்பமோ அத்தனை கூறாகக் கறியை வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்கிறவர் தன் வாயில் வருகிற பேரைச் சொல்வார். எலும்போ ஈரலோ வந்தது வந்ததுதான், மறுபேச்சு இல்லை. காய்க்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் அந்த அம்மா. பேருக்குப் பதில் வீட்டு நெம்பர். லைன் வீட்டுக்காரிக்குப் பன்னிரண்டு.

எங்கள் ஆட்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "எவ்வளவு அருமையான பாரம்பரியம்" என்று செல்போனில் படம் எடுத்தார்கள். திரும்பி நிற்கிற பொறுப்பை மூணாம் நெம்பர்க்காரர் தானே எடுத்துக்கொண்டார். செயலாளர் அல்லவா. மீட்டர் பெட்டிகள் இருக்கிற சுவரைப் பார்த்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தேசிய கீதத்துக்கு நிற்பது மாதிரி நின்றார்.

தோட்டக்காரர் ஓரவஞ்சனை இல்லாமல் சமமாகத்தான் கூறு போட்டார். ஆனால் செடி சமமாகக் காய்ப்பதில்லை. ஒரு கூறில் அவரை பிஞ்சாக இருக்கும், இன்னொன்றில் நார் ஓடியிருக்கும். மூட்டையின் அடியில் நசுங்கிய தக்காளி ஏதோ ஒரு கூறுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் அது ஒவ்வொரு வாரமும் பன்னிரண்டாம் நெம்பருக்கே போவதும், பிஞ்சு அவரை மூணாம் நெம்பருக்கே வருவதும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. முற்றின வெண்டை, சொத்தைக் கத்திரி, கோணல் புடலை எல்லாம் அந்தக் கட்டைப்பைக்குள் போயின. அவள் ஒன்றும் சொல்லாமல் அள்ளிக்கொண்டு போவாள்.

பிறகுதான் இருமல் என் காதில் பட்டது. மூணாம் நெம்பர் அம்மாவின் இருமல். சளியே இல்லாத, உலர்ந்த இரட்டை இருமல். தோட்டக்காரரின் மனைவி ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்குங்க?" என்று கேட்டதும் அது வரும். வந்ததும் கணவர் சுவரைப் பார்த்தபடி, "மூணு" என்பார். அடுத்து டாக்டரம்மா தொண்டையைச் செருமுவார். உடனே, "ஒம்போது." நான் இரண்டு வாரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஆணி எது, ஓட்டை எது என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு பிடி அவரைக்காய்க்காக ஒரு வங்கி அதிகாரியும் அவர் சம்சாரமும் வீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். எத்தனை பேருக்குக் கடன் கொடுக்கலாம், கூடாது என்று முடிவு செய்த மனிதர்!

ஒரு வாரம் சோதித்துப் பார்க்க நானும் ஒரு இருமல் இருமினேன். சுவரைப் பார்த்து நின்றவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "ஏழு" என்றார். அன்றைக்கு என் பையில் வந்த கத்திரிக்காய் பூப் போல இருந்தது. வெட்கத்தோடுதான் தின்றேன், ஆனால் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். ஒருவர் சாவிக் கொத்தை ஆட்டினார், ஒருவர் மூக்கை உறிஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் அரசாங்க ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவு மாதிரி ஆகிவிட்டது. இருமாமல் நின்றது அந்தப் பெண் மட்டும்தான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. காரிலிருந்து கால் கீழே வைக்காதவர்கள், குழம்பில் காய் தேடுகிற இரண்டு குழந்தைகளின் தட்டிலிருந்து பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். சங்கக் கூட்டத்தில், "பட்டறையிலகூட ஷிப்ட் மாத்துவாங்க. திரும்பி நிக்கறதையும் மாத்தி மாத்தி வெச்சுக்கலாம், நான் கொஞ்ச நாள் நிக்கறேன்" என்றேன். செயலாளர் முகம் சுருங்கியது. ஆனால் டாக்டரம்மா உடனே ஒத்துக்கொண்டார். தன் செருமலுக்கு வருவதைவிட அந்த வீட்டு இருமலுக்கு நல்லதாக வருகிறது என்று அவருக்கு ஏற்கனவே சந்தேகம். களவாணிகளுக்குள் ஒற்றுமை நிலைக்காது என்பது ஒரு பெரிய வசதி.

சனிக்கிழமை சாயங்காலம் மூணாம் நெம்பர்க்காரர் ஒரு டப்பாவில் மைசூர்பாகு எடுத்துக்கொண்டு வந்தார். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு எழுந்திருக்கும்போது, "உங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்ல?" என்றார்.

"நல்லாக் கேக்குமுங்க" என்றேன்.

அவர் நிம்மதியாகப் போனார். மைசூர்பாகு கல் மாதிரி இருந்தது.

மறுநாள் மீட்டர் பெட்டியைப் பார்த்து நின்றேன். பின்னால் கோணிப்பை சரசரக்கிறது, வளையல் அசைகிறது, யாரோ செருப்பைத் தேய்க்கிறார்கள். "இது யாருக்குங்க?" என்றார் தோட்டக்காரரின் மனைவி. வந்தது அந்த உலர்ந்த இரட்டை இருமல். நான் தொண்டையைத் திறந்து, "பன்னெண்டு!" என்றேன்.

பின்னால் கட்டைப்பை விரிகிற சத்தம் கேட்டது. அடுத்த கூறுக்கு டாக்டரம்மா செருமினார். நான் இரண்டாம் நெம்பரைக் கூப்பிட்டேன். சாவிக் கொத்து ஆடியபோது ஐந்தாம் நெம்பரைக் கூப்பிட்டேன். சாவிக்காரர் இருந்தது எட்டில். மூணாம் நெம்பரைக் கடைசிவரை கூப்பிடவே இல்லை. மிஞ்சிய கூறு தானாக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா நசுங்கிய தக்காளியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? "நான் இருமினேனே, ஏன் எனக்குத் தரவில்லை?" என்று யாராவது கேட்க முடியுமா?

அவர்களும் லேசில் விடவில்லை. எனக்குச் சங்கேதம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரம் இன்னும் பலமாக இருமினார்கள். பலமாக இரும இரும, எது நல்ல கூறு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பன்னெண்டு, பன்னெண்டு என்று வாராவாரம் முதல் இருமலுக்கே கூப்பிட்டேன். இந்த வயதில் எனக்குக் கிடைத்த சினிமா அதுதான். ஒரு நாள் அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது, "போன வாரத்து அவரைக்காய எங்க சின்னப்புள்ள இன்னொருக்கா வெச்சுக் குடுன்னு கேட்டுச்சுங்க" என்றாள். சொல்லும்போது சிரித்தாளா என்று நான் கவனிக்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொள்வதிலேயே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, அவள் என் வீட்டு மணியை அடித்தாள்.

"உள்ள வாம்மா" என்றேன்.

"இல்லீங்கய்யா. இங்கயே நின்னு சொல்லிப்போட்டுப் போயர்றனுங்க." கதவை முழுசாகத் திறந்து வைக்கச் சொல்வது மாதிரி எதிர்வீட்டைப் பார்த்தாள். "இனிமே என்ற நெம்பரக் கூப்புடாதீங்க."

"ஏம்மா, என்னாச்சு?"

"மூணாம் நெம்பரு அம்மா தெக்கக் குடுத்திருந்த துணியெல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போயிருச்சுங்க. ஒம்போதாம் நெம்பரும் வாங்கிருச்சு. உனக்கென்னடி, ஏழாம் நெம்பரு பாத்துக்குவாரு, நல்ல கூறாத்தான் புடிச்சிருக்கறேன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போவுதுங்க. லைன் ஊட்டுல எல்லாருங் கேட்டாங்க."

இருமலை அவர்களால் வெளியே சொல்ல முடியாது, ஆனால் இதைச் சொல்ல முடியும். நசுங்கிய தக்காளிக்குப் பதில் ஒரு பெண்ணின் பேரை நசுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

"அவங்க இருமி ஏமாத்துனாங்கம்மா. அதுக்காகத்தான் நான் உனக்கு நல்லதாப் பார்த்து..." என்று ஆரம்பித்தேன்.

"இருமுனது எனக்குக் கேக்காதுங்களா? நா என்ன செவுடுங்களா? மொத வாரத்துலயே தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"முத்துன வெண்டக்காய் வந்தா வத்தல் போட்டுக்குவனுங்க. கத்திரிக்காயில சொத்தைய அரிஞ்சு எறிஞ்சுட்டு மிச்சத்தக் கொழம்புல போட்டுக்குவேன். அப்புடியும் கடைய விட மலிவுதானுங்க. ஊரு வாயில உழுந்த பேரை அரிஞ்சு எறிய முடியுங்களா? வடக்க வண்டியில கெடக்கற மனுசன் காதுக்கு இது போனா நா என்னன்னு சொல்றது? நல்ல கூறு வேணும்னு நா உங்களக் கேட்டனுங்களா?"

கேட்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் வாரம் பூராத் தட்டில் காய். அதைத்தான் அவளே இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறாள். "நா இனி வரலீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். எதிர்வீட்டுக் கதவு இடுக்கில் யாரோ நகர்கிற சத்தம் கேட்டது.

அந்த ஞாயிறு எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன். யார் இருமினால் எந்த நெம்பர், யார் செருமினால் எந்த நெம்பர் என்று வரிசையாகச் சொன்னேன். இந்தக் கேவலத்துக்கு ஒரு பெண்ணின் பேரையும் இழுத்தீர்களே என்று கேட்டேன். யாராவது ஒருவராவது தலை குனிவார்கள் என்று எதிர்பார்த்தது என் தவறு. "என்ன சார், ஆஸ்துமா பேஷண்டப் பத்தி இப்படிப் பேசறீங்க" என்றார் செயலாளர். அவர் மனைவி அதற்குச் சாட்சியாக அங்கேயே இருமிக் காட்டினார். டாக்டரம்மா, இந்தப் பக்கம் தூசி அதிகம், அலர்ஜி எல்லாருக்கும் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். தோலுக்குப் படித்தவர் தொண்டைக்கும் சொன்னார். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம்.

தோட்டக்காரரின் மனைவி கூறுகளை எண்ணிப் பார்த்தார். "பன்னெண்டாம் நெம்பரு வரலீங்களா?" என்றார். வராது என்று தெரிந்ததும், "பதினொண்ணுக்கு வண்டி வராதுங்க" என்றார்.

அந்தப் பன்னிரண்டாவது பையை எல்லாரும் சேர்ந்து வாங்கிப் பதினொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று செயலாளர் யோசனை சொன்னார். பிரித்தும் பார்த்தார்கள். ஆளுக்கு இரண்டு வெண்டைக்காய் வந்தது, மூன்று தக்காளி வந்தது. ஒரே ஒரு புடலங்காய் இருந்தது. அதைப் பதினோரு துண்டாக வெட்ட ஒருவர் மேலே போய் அளவுகோல் எடுத்து வந்தார். நான் பொய் சொல்லவில்லை, அவர் பேரன் பள்ளிக்கூடப் பையில் இருந்த பிளாஸ்டிக் அளவுகோல். நுனித் துண்டு யாருக்கு, நடுத்துண்டு யாருக்கு என்று அங்கே வந்த சண்டையில் டாக்டரம்மாவும் செயலாளர் மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தோட்டக்காரர் தார்ப்பாயை மடித்தார். விவசாயியை வாழவைக்கும் இயக்கம் ஒரு புடலங்காயில் முடிந்தது. அடுத்த ஞாயிறு முதல் குளிர்சாதனக் கடையில் பிளாஸ்டிக் தாள் சுற்றின வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு அவரவர் காரில் வந்தார்கள். அந்தத் தாளுக்கு மேல் நுனி ஒடிக்க முடியாது.

எனக்கு அவர்களைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. லைன் வீட்டுக் குழந்தைகள் மறுபடியும் குழம்பில் கரண்டியைப் போட்டுத் தேடும் என்பதுதான் உறுத்தியது. நானே ஒரு பை காய் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, போகவில்லை. கொடுத்திருந்தால் செயலாளர் மனைவி சொன்னதை நானே உறுதி செய்த மாதிரி ஆகியிருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு காலை, பால் வாங்கப் பின்தெரு வழியாகப் போனேன். அங்கே அந்தக் குட்டியானை வண்டி நின்றுகொண்டிருந்தது. அதே தார்ப்பாய். அதில் வரிசையாகப் பன்னிரண்டு கூறு. தோட்டக்காரரின் மனைவி குனிந்து நிற்கிறார். லைன் வீட்டுப் பெண்களும் ஒரு ஆட்டோக்காரரும் தறிக்குப் போகிற இரண்டு பேரும் பையோடு நிற்கிறார்கள். நடுவில் நம் தையற்காரப் பெண், அவளோடு இரண்டு குழந்தைகளும். வண்டி நின்றுபோன வாரமே தோட்டக்காரரின் மனைவிக்குப் போன் போட்டு, தெருவிலேயே பன்னிரண்டு வீட்டைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். எங்கள் ஆட்களுக்குப் பஜ்ஜியோடு ஒரு மாதம் பிடித்த வேலை அது.

சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் முக்காலியில், கூறுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். இங்கே யாரும், "இது யாருக்கு?" என்று கேட்கவில்லை. தோட்டக்காரரின் மனைவி ஒரு கூறைத் தொட்டதும், ஒரு குழந்தை போய் அந்த அம்மாவின் தோளைத் தட்டியது. அந்த அம்மா தெருவே அதிரும்படி, "நாலு!" என்றார். அடுத்த தட்டுக்கு, "பதினொண்ணு!" அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. இடி விழுந்தாலும் அவருக்கு ஒன்றுதான், இருமல் எம்மாத்திரம்.

கூறு பிரித்து முடிகிறவரை நின்றேன். பிறகு தையற்காரப் பெண்ணிடம் போய், "எனக்கும் ஒரு கூறு போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்டேன். அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஆட்டோக்காரர் தலையாட்டினார்.

"பதிமூணாவதாப் போட்டுக்கலாமுங்கய்யா. ஆனா திரும்பி நிக்கறதுக்கு எங்களுக்கு ஆளு இருக்குதுங்க."

"நான் நிக்கறேன்னு சொல்லலையேம்மா."

"சொல்லிருவீங்க" என்றாள். "உங்க காது ரொம்பக் கூருங்க. இந்த வேலைக்கு அது ஆகாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். விஷயம் எப்படியோ எங்கள் கட்டடத்துக்கும் எட்டிவிட்டது. பதினான்காவதாகத் தன்னைச் சேர்த்துக்கொள்வார்களா, கேட்டுச் சொல்ல முடியுமா என்று மூணாம் நெம்பர்க்காரர் லிஃப்டில் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நீங்களே போய் இருமிப் பாருங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் படியில்தான் இறங்குகிறார்.

அடுத்த ஞாயிறு என் கட்டைப்பையோடு பின்தெருவில் போய் நின்றேன். சின்ன வெங்காய மூட்டையை உதறியதில் சருகும் தூசியுமாகப் பறந்து வந்து என் தொண்டைக்குள் போயிற்று. நிஜமான கரகரப்பு. அப்போது பார்த்துத் தோட்டக்காரரின் மனைவி தொட்டது பிஞ்சு அவரைக்காய்க் கூறு. என் நெஞ்சு ஒருமுறை குலுங்கியது. தையற்காரப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆட்டோக்காரர் பார்த்தார். இரண்டு குழந்தைகளும் பார்த்தன. கண்ணில் தண்ணீர் வர, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அந்தக் கூறு வேறு வீட்டுக்குப் போகிறவரை ஒரு சத்தமும் வராமல் நின்றேன்.